கம்பெனி நட்ட கன்று சித்திரையைத் தாண்டுமா?

எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில், காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றின் கரையில், ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. 200 மரக்கன்றுகள் நட்டதாக அதில் எழுதியிருக்கிறது. கீழே ஒரு நிறுவனத்தின் சின்னம். நட்ட அன்று நானும் போயிருந்தேன். மாசி மாதம். ஷாமியானா, மைக் செட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொப்பி, எல்லோருக்கும் லெமன் சாதம். சித்திரைக் கடைசியில் ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். 11 கன்று உயிரோடு இருந்தது. பதினொன்றும் படித்துறைப் பக்கம், டீக்கடைக்கு எதிரே. கடைக்கார அம்மா கிளாஸ் அலசிய தண்ணீரை அங்கேதான் கொட்டுகிறார்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. "வரியை ஏய்க்க கம்பெனிக்காரன் போடுற நாடகம்" என்பது ஒன்று. "யாரோ புண்ணியவான் வந்து செய்கிறான், அதையும் குறை சொல்லணுமா?" என்பது இன்னொன்று. இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. பணம் எங்கிருந்து வருகிறது, கரையில் மரம் என்ன வேலை செய்கிறது, நட்டது ஏன் பிழைக்கவில்லை, பள்ளியிலும் வயலிலும் நடத்தும் சுற்றுச்சூழல் வகுப்புக்கு இதில் என்ன இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

அந்தப் பணம் வரியா, தானமா?

ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் வரி, ஆனால் அந்தப் பணம் தாலுகா ஆபீஸுக்குப் போவதில்லை. ஊர்க் காரியத்துக்கே செலவாகிறது. அதே சமயம் இஷ்டப்பட்டால் கொடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்ற கதையும் இல்லை.

கம்பெனிகளுக்கு இப்படி ஒரு தலைக்கட்டு வரி இருக்கிறது. அதற்குச் சமூகப் பொறுப்பு நிதி என்று பெயர், பேச்சு வழக்கில் சி.எஸ்.ஆர். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1. நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) 500 கோடி, அல்லது விற்றுமுதல் (ஆண்டு விற்பனை) 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டாலே அந்தக் கம்பெனி இதற்குள் வந்துவிடும். கடைசி மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். உதாரணத்துக்கு, மூன்று ஆண்டு லாபம் 100, 150, 200 கோடி என்றால் சராசரி 150 கோடி. அதில் 2 சதவீதம் 3 கோடி.

எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டத்தின் 7-ஆம் அட்டவணை ஒரு பட்டியல் கொடுக்கிறது. கல்வி அதில் உண்டு. சுற்றுச்சூழல், வேளாண் காடு, மண் வளம், நீர் வளம் எல்லாம் உண்டு. ஆற்றங்கரையில் மரமும் பள்ளியில் வகுப்பும் ஒரே திட்டமாகச் சேர்ந்து வர இது ஒரு காரணம்.

வரி ஏய்ப்புக் கட்சிக்கு ஒரு தகவல்: இந்தச் செலவை வியாபாரச் செலவாகக் காட்டி லாபத்தைக் குறைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. புண்ணியவான் கட்சிக்கும் ஒன்று: செலவழிக்காமல் மீதி வைத்தால் 2021 முதல் அந்தப் பணத்தை அரசு குறிப்பிட்ட நிதிகளுக்கு மாற்றியாக வேண்டும், தவறினால் அபராதம். ஆக, தானம் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான்.

இதுவரை பார்த்தது: பணம் கொடுக்கச் சொல்வது சட்டம். எங்கே, எதற்கு, யார் மூலம் என்று முடிவெடுப்பது கம்பெனி. ஆறு இந்த ஏற்பாட்டில் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

கரையில் மரம் என்ன வேலை செய்கிறது?

வரப்பிலிருந்து தொடங்கலாம். புதிதாக அண்டை வெட்டி மண் பூசிய வரப்பு முதல் பெரிய மழையில் கரையும். அருகம்புல் மண்டிய பழைய வரப்பு நிற்கும். அப்புறம், நெல் கொட்டி வைக்கும் குதிர். வெறும் களிமண்ணில் குதிர் செய்தால் காய்ந்ததும் வெடித்துவிடும், வைக்கோலைக் கலந்து மிதித்துச் செய்தால் வெடிக்காது. மண்ணுக்கு மேலிருந்து அமுக்குவதைத் தாங்கும் பலம் உண்டு. இழுப்பதைத் தாங்கும் பலம் கிடையாது. அந்த இழுவைப் பலத்தை வைக்கோல் கொடுக்கிறது. ஆற்றங்கரையில் அதே வேலையைச் செய்வது வேர். குறிப்பாக, விரல் தடிமன்கூட இல்லாத மெல்லிய வேர்கள்.

கரை போவதை நாம் வெள்ளத்தோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். ஆனால் வெள்ளம் வடியும்போது சரிகிற கரையும் நிறைய. ஓடுகிற தண்ணீர் முதலில் கரையின் அடியைக் குடைகிறது. மேல்பகுதி திண்ணைக் கூரை மாதிரி அந்தரத்தில் நிற்கும். ஆறு நிறைந்திருக்கும்வரை தண்ணீரே அதற்கு முட்டுக்கொடுக்கிறது. மேலே ஷட்டரை இறக்கி ஆறு சட்டென்று வற்றினால் முட்டு போய்விடும். மண் மட்டும் நீர் குடித்துக் கனமாக இருக்கும். அப்படியே பெயர்ந்து விழும். படித்துறையில் துணி துவைக்கிற பெண்களைக் கேளுங்கள், எந்த இடத்தில் எப்போது சரியும் என்று என்ஜினியரைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

அடியைக் காப்பாற்ற மரம் மட்டும் போதாது. தண்ணீர் தொடும் இடத்தில் வெட்டிவேர், நாணல். அதற்கு மேலே நொச்சி, தாழை மாதிரிப் புதர். அதற்கும் மேலேதான் மரம். மூன்றும் சேர்ந்ததைக் கரையோரத் தாவரப் பட்டை என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'பட்டை' என்று வந்தால் இதைத்தான் சொல்கிறேன்.

பட்டைக்கு இன்னொரு வேலை உண்டு. டெல்டாவில் மேல்மடையின், அதாவது மேலே இருக்கும் வயல்களின், வடிகால் பல இடங்களில் கீழே இருப்பவர்களுக்குப் பாசன நீர். நான் அதிகமாகப் போட்ட யூரியா என் வயலோடு நிற்காது, மழைத் தண்ணீரோடு இறங்கிப் போகும். வழியில் புல்லும் புதரும் இருந்தால் வேகம் குறையும், வண்டல் படியும், உரத்தில் ஒரு பங்கை வேர்கள் எடுத்துக்கொள்ளும். டீ வடிகட்டி மாதிரி என்று சொல்லலாம். ஓட்டை கொஞ்சம் பெரிய வடிகட்டி.

செய்யாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். கரையில் மரம் வைத்தால் மேட்டூர் நிறையாது. காவிரி பெருகுவது குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்வது வங்கக் கடலிலிருந்து வருவது. தஞ்சாவூரில் நட்ட புங்கனால் இந்த இரண்டும் அசையாது. மணல் அள்ளி ஆற்றின் தரை கீழே இறங்கிப்போன இடத்திலும் மரம் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. வேருக்குக் கீழே குடைந்துவிட்டால் வேர் காற்றில்தான் தொங்கும்.

இதுவரை: வேர் மண்ணுக்கு இழுவைப் பலம் தருகிறது, பட்டை அழுக்கை ஓரளவு வடிகட்டுகிறது, மழையைக் கூட்டி வருவதில்லை.

எந்த மரம், எந்த இடம்?

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று பள்ளியில் படித்தோம். மருதம் ஒரு மரத்தின் பெயர். நீர்மருது. ஆற்றோரம்தான் அதற்கு வீடு. திருவிடைமருதூரின் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. இந்த நிலத்துக்கே பெயர் கொடுத்த மரத்தை விட்டுவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறது, சீக்கிரம் வளர்கிறது என்று குல்மோஹரைக் கொண்டுவந்து நடுவது எனக்கு ஒட்டவே இல்லை. நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, புன்னை, அத்தி, பூவரசு எல்லாம் நம் கரைக்குப் பழகியவை. கொள்ளிடம் கடலில் சேரும் பக்கம், முத்துப்பேட்டைப் பக்கம் போனால் உப்பு. அங்கே அலையாத்தி. அது தனிக் கதை.

இடம் அதைவிட முக்கியம். ஆறு என்றாலே மரம் என்று எல்லா இடத்திலும் குழி தோண்டக்கூடாது. வெள்ளத்தைத் தடுக்க மண் போட்டு உயர்த்திய கரையின் உச்சியில் பெரிய மரம் வைப்பதைப் பொறியாளர்கள் விரும்புவதில்லை. மரம் செத்தால் வேர் மக்கும், வேர் இருந்த வழி குழாயாகும், அதில் வெள்ளம் புகுந்து கரையை உடைக்கலாம். ஆற்றுக்குள்ளேயே மண்டினாலும் ஆபத்துதான். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத் தாமரையும் தண்ணீரை மறித்து எதிர்க்கரையை உடைத்த கதை எந்த டெல்டா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். நல்ல இடம், ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே அகலமாகக் கிடக்கும் படுகையும், கரையின் வெளிப்பக்க அடிவாரமும். இவை பெரும்பாலும் புறம்போக்கு. அதனால் நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது.

நாலு காலண்டர்

எங்கள் ஊர்க் கன்றுகள் செத்ததற்கு ஆடு காரணம் என்றார்கள். ஆடும் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் தேதி.

கம்பெனியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கணக்கு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்ற அவசரம் மாசி, பங்குனியில்தான் வரும். ஆற்றின் ஆண்டு வேறு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும், ஜனவரி 28-ல் மூடும். அந்த ஜூன் 12-ம் நிலையில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மாசியில் நட்ட கன்றுக்கு ஆற்றில் தண்ணீர் கிடையாது, வானத்தில் மழை கிடையாது, எதிரே முழுக் கோடை.

மூன்றாவது காலண்டர் மழையுடையது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. புரட்டாசிக் கடைசியில் நட்டால் கன்றுக்கு மூன்று மாத ஈரம் இலவசம். அதற்குள் வேர் இறங்கிவிட்டால் கோடையைத் தாங்கும் வாய்ப்பு கூடுகிறது.

நாலாவதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தூர்வாருதல். தண்ணீர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில், வாய்க்காலையும் ஆற்றையும் ஜே.சி.பி. வைத்து வாருவார்கள். அள்ளிய மண்ணை எங்கே போடுவது? கரையில்தான். கன்று அங்கேதான் இருக்கிறது. கோடையைத் தாண்டிய கன்றுகூட ஒரு பக்கெட் மண்ணில் புதைந்து போகும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை, அங்கே கன்று இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. மரம் நடுகிற திட்டத்தில் ஜே.சி.பி. போக வழி எந்தப் பக்கம், மண் கொட்டும் இடம் எது என்று வரைபடம் இல்லையென்றால் அந்தத் திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்குத் தொடர் திட்டம் என்று பெயர். தொடங்கிய நிதியாண்டை விட்டு மேலும் மூன்று ஆண்டுவரை நீட்டிக்கலாம். செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துப் பிறகு எடுக்கலாம். ஒரு கன்றுக்குத் தேவையானதும் ஏறக்குறைய அவ்வளவுதான், மூன்று கோடை. அப்படியிருந்தும் ஒரே நாள் விழாவாக முடித்துக்கொள்வதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

இதுவரை: கன்று சாவது பெரும்பாலும் தேதிகள் ஒத்துப்போகாததால். புரட்டாசியில் நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றி, தூர்வாரும் வண்டிக்கு வழிவிட்டால் நிலைமை மாறும்.

ஒரு லட்சம் கன்று என்றால் எவ்வளவு?

"ஆற்றங்கரையில் ஒரு லட்சம் மரக்கன்று" என்று செய்தி வந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்றுக்குக் கன்று 3 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு வரிசையில் கிலோமீட்டருக்குச் சுமார் 333 கன்று. லட்சம் கன்றுக்கு 300 கிலோமீட்டர். மூன்று வரிசையாக நட்டாலும் 100 கிலோமீட்டர் கரை வேண்டும். அவ்வளவு கரை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சரியாக இருக்கும்.

அப்புறம் தண்ணீர். ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை 135 நாள், ஏறத்தாழ 19 வாரம். கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு தடவை என்று வையுங்கள். ஒரே வரிசை, ஒரு கிலோமீட்டர் என்றால்கூடத் தடவைக்கு 3,330 லிட்டர், கோடை முழுக்க 38 தடவை. 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். டீசல், டிரைவர் சம்பளம், காவலுக்கு ஆள், ஆடு மேயாமல் முள்வேலி. பலகையில் எழுதாத செலவு இதுதான், கன்று விலையைவிட இது பல மடங்கு. நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கணக்குக்குப் பிழைப்பு விகிதம் என்று பெயர். எங்கள் ஊரில் அது 200-க்கு 11, அதாவது 5.5 சதவீதம். அதுவும் டீக்கடை புண்ணியத்தில்.

விவசாயி ஏன் முகத்தைச் சுளிக்கிறார்?

எங்கள் பெரியப்பாவுக்கு ஆற்றோரம் ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். நட்ட அன்று அவர் விழாவுக்கு வரவில்லை. சாயங்காலம் கேட்டேன்.

"மரம் வைக்கிறது நல்லதுதான்டா தம்பி. நெழல் என் வயல்ல விழுந்தா அந்த நெல்ல யாரு குடுப்பா?"

இதை அறியாமை என்று தள்ளிவிடக்கூடாது. நிழலில் நெல் பொதி வைக்காது, பதர் கூடும். பழுக்கிற மரத்துக்கு வரும் குருவி கதிரிலும் இறங்கும். ஆனால் அவர் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நம் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. சம்பா கதிர் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், உச்சிவேளை நிழல் வடக்கே விழும். அப்படியானால் தென்கரையில் நிற்கும் உயரமான மரத்தின் நிழல் ஆற்றில் விழுகிறது, வயலில் விழுவதில்லை. வடகரையில் நின்றால்தான் வயலுக்குத் தொல்லை. அங்கே நொச்சி, வெட்டிவேர், கழித்துவிடத் தோதான பூவரசு என்று குட்டையாக வைத்துக்கொள்ளலாம். காவிரிக் கோயில்களை வடகரை, தென்கரை என்று பிரித்துச் சொல்லும் ஊர் இது. மரத்துக்கும் அந்தப் பிரிவு செல்லும்.

பூவரசு, புங்கன், வாதநாராயணன் இவற்றின் தழையை நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் மிதித்துப் போட்ட காலம் பெரியப்பாவுக்கு நினைவிருக்கிறது. கரை மரத்தின் தழை யாருக்கு, காய் யாருக்கு என்று முதலிலேயே எழுதிவைத்தால் காவலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பலன் உள்ளவன் பார்த்துக்கொள்வான்.

வகுப்பு என்றால் ஓவியப் போட்டி மட்டுமா?

திட்டத்தின் மறுபாதி சுற்றுச்சூழல் கல்வி. பல இடங்களில் அது 'மரம் வளர்ப்போம்' ஓவியப் போட்டியும் ஒரு உறுதிமொழியுமாக முடிந்துபோகிறது. பிள்ளைகளுக்கு வரைவது பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் காகிதத்தில் வரைந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கான வகுப்புக்கு ஒரு நல்ல முன்மாதிரி நெல் வயலிலிருந்தே வந்தது. இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லி அடிக்க அடிக்க, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி கூடிக்கொண்டே போனது. காரணம், மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றது. 1986-ல் அந்த நாடு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. அதாவது, விவசாயிகள் வாரம் ஒருமுறை ஒரே வயலில் கூடி, நெல் தூரைப் பிரித்து, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று தாங்களே எண்ணி, மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவெடுப்பது. மேடை போட்டுப் பேசுவது கிடையாது. சேற்றில் நின்று எண்ணுவதுதான் பாடம்.

இதற்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அந்த வடிகாலை நினைவில் வையுங்கள். ஒரு தடவை மருந்தைத் தவிர்த்தால் கீழ்மடைக்கு அந்த விஷம் போகாது. பட்டை வடிகட்டுகிற அழுக்கை வகுப்பு ஆரம்பத்திலேயே குறைக்கிறது. மரமும் வகுப்பும் ஒரே திட்டத்தில் இருக்க இதுதான் சரியான காரணம், சட்டத்தின் அட்டவணையில் இரண்டும் இருப்பது மட்டும் போதாது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் வரமுடியாது. வருவது நாங்கள் நாலு ஆம்பளைகள், அதிலும் இரண்டு பேர் டிபனுக்கு. வயலில் குனிந்து நிற்பது அந்தப் பெண்கள், பூச்சியை முதலில் பார்ப்பது அவர்கள்.

பள்ளிக்கும் எண்ணுவதுதான் நல்ல பாடம். மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படை 2001 முதல் பள்ளிகளில் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு 100 மீட்டர் கரையைக் கொடுத்துவிடலாம். ஆறாம் வகுப்பில் நட்ட கன்றின் பக்கத்தில் நின்று உயரம் பார்த்தால், எட்டாம் வகுப்பில் யார் அதிகம் வளர்ந்தது என்று தெரியும். கோடை விடுமுறையில் எத்தனை செத்தது என்று ஜூனில் எழுத வேண்டும். அந்த நோட்டை கம்பெனிக்கு ஒரு நகல் அனுப்பினால் அதைவிட நேர்மையான அறிக்கை கிடைக்காது.

இந்த ஆடியில் தண்ணீர் வந்ததும் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் தென்கரைக்குப் போய் நாலு பூவரசம் போத்து, அதாவது நட்டால் வேர்விடும் கிளை, வெட்டி ஊன்றிவிட்டு வந்தார். கன்று வாங்கத் தேவையில்லை, ஆள் உயரப் போத்து என்பதால் ஆட்டுக்கு எட்டாது என்பது அவர் கணக்கு. போன வாரம் பார்த்தேன், மூன்று துளிர்த்திருக்கிறது. நாலாவதில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள்.